தாத்தாவின் ஹெரால்டும் மாமாவின் மாருதியும்: முன் சக்கரத்தின் கதை

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். இதைப் படித்துவிட்டு யாராவது காருக்கு அடியில் போய்ப் படுத்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)

எங்கள் மாமாவிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. தாம்பரத்தில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும். வெள்ளை நிறம் என்பது ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். இந்த முறை காட்டுவதற்கு முன்னால் வண்டி ஒரு சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் "டொக்". குழியில் விழுந்தால் "டொக் டொக்". வலது பக்க டயர் வேறு உள் ஓரத்தில் வழுக்கையாகித் தேய்ந்திருந்தது.

அத்தை சொன்னது, "பேசாம எடைக்குப் போட்டுடுங்க." எனக்கும் உள்ளுக்குள் அதே அபிப்பிராயம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். வாங்கிய விலை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 27 வருடத்தில் மிச்சம் சுமார் 2,500 ரூபாய். (இந்த முறையில் ஒரு விசேஷம், மதிப்பு பூஜ்யத்துக்கு மட்டும் போகவே போகாது. மாமாவிடம் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

மாமா எடைக்குப் போடவில்லை. ஜாக்கியை எடுத்து வந்தார். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து, அதாவது கடிகாரத்தில் 12க்கும் 6க்கும், உள்ளே வெளியே ஆட்டச் சொன்னார். ஆடியது. "இப்ப பிரேக்கை மிதிக்கிறேன், ஆட்டு." அப்போதும் ஆடியது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகப்படு என்றார். பிறகு 3க்கும் 9க்கும் வைத்து ஆட்டினோம். அது ஆடவில்லை. அப்படியென்றால் டை ராட் எண்டு தப்பித்தது. பத்து நிமிடத்தில் நோய் இன்னது என்று சொல்லிவிட்டார். லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட், ஆர்ம் புஷ், அதோடு எண்ணெய் கசிந்துகொண்டிருக்கும் ஷாக் அப்சார்பர்.

"உனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு. "உங்க தாத்தாவோட ஹெரால்டுல."

கதையை ஹெரால்டிலிருந்து ஆரம்பித்தால் புரியாது. இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை. குழியில் ஏறி இறங்க வேண்டும், அதே சமயம் ஸ்டியரிங் சொல்கிற பக்கம் திரும்பவும் வேண்டும். ஆரம்பகாலக் கார்களில் இதற்கு ஒரே ஒரு இரும்பு அச்சு. இந்தப் பக்கச் சக்கரத்திலிருந்து அந்தப் பக்கச் சக்கரம் வரை நேராக ஓடும். அதன் மேல் கமான் பட்டை, இன்றைக்கும் லாரியில் பார்க்கிறோமே, அதே. அச்சின் இரண்டு முனையிலும் செங்குத்தாக ஒரு தடித்த இரும்புக் கம்பி செருகியிருக்கும். அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்பும். அதன் பெயர் கிங்பின். ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது, அத்தனையும் இந்த ஒற்றை அச்சு வண்டிதான். கிங்பின் தேய்ந்தால் புதுப் பின், புதுப் புஷ் அடித்து மாட்டிவிடலாம். சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவன் செய்யலாம்.

பிரச்சினை வேகத்தில் வந்தது. இடது சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு முழுக்கச் சாயும். வலது சக்கரமும் கூடச் சாயும். சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தைச் சாய்த்துப் பாருங்கள், அது சாய்ந்த பக்கம் விழாமல் வேறு பக்கம் திரும்பும். சக்கரமும் ஒரு பம்பரம்தானே, அதுவும் சாய்த்தவுடன் தானாகத் திரும்பப் பார்க்கும். 1920களில் முன் சக்கரத்துக்கும் பிரேக் வந்து எடை கூடியது, டயர்கள் மெத்தென்று ஆயின. ஒரு வேகத்துக்கு மேல் முன்பக்கம் முழுக்க வெடவெடவென்று நடுங்கும், ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்து தேடியவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயர். ரோல்ஸ் ராய்ஸில் இருந்தவர், 1930ல் அமெரிக்காவில் கேடிலாக்குக்கு வந்தார். பெரிய லிமோசின் ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் எடைக்கற்களை நகர்த்தி வைக்கிற மாதிரி சட்டம் கட்டி, ஆட்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விட மெதுவாக இருந்தால்தான் பயணம் சுகமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் ஒற்றை அச்சில் முன் ஸ்பிரிங்கை மெதுவாக்கினால் அந்த வெடவெடப்பு இன்னும் மோசமாகும். ஆக அச்சையே வெட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்க, மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே காயில் ஸ்பிரிங். 1934 மாடலில் கேடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் மூன்றிலும் இது வந்தது. அதே வருடம் செவ்ரோலேக்கும் பாண்டியாக்குக்கும் ஆந்த்ரே துபோனே என்ற பிரெஞ்சுக்காரரின் வேறொரு அமைப்பைக் கொடுத்தார்கள். ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் ஒரு டப்பாவில் மூடி வைத்தது. எண்ணெய் கசிந்தால் போச்சு. கொஞ்ச வருடத்தில் கைவிட்டார்கள்.

இந்தத் தனித்தனிக் கைகள் பயணத்தைச் சுகமாக்கின, ஆனால் மூட்டுகளின் எண்ணிக்கை பெருகியது. மனுஷனுக்கு வயதானால் மூட்டு மூட்டாக வலிக்குமே, அந்தக் கதை. ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு கிரீஸ் நிப்பிள். கார் வைத்திருப்பவன் சில நூறு மைலுக்கு ஒருமுறை அடியில் படுத்து கிரீஸ் கன்னோடு குசலம் விசாரிக்க வேண்டும். அப்போதைய கார்களோடு வரும் கையேடுகளில் எங்கெங்கே எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெய் விடவேண்டும் என்று பெரிய படமே போட்டிருப்பார்கள். கார் வாங்கினால் இந்த வேலையும் சேர்த்து வாங்கியதாக அர்த்தம்.

இப்போது ஹெரால்டு.

டிரையம்ப் ஹெரால்டு 1959ல் இங்கிலாந்தில் வந்தது. உருவம் வரைந்தது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி. அந்தக் காலத்தில் மற்றவர்கள் உடம்பையும் சட்டத்தையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் பழையபடி தனிச் சட்டம் வைத்து, அதன் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். ஆசையாகச் செய்ததில்லை. இவர்களுக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சின்னச் சின்னத் துண்டாகப் பல இடத்தில் செய்து சேர்க்கிற டிசைன். ஆனால் அதுவே வெளிநாட்டுக்கு உதிரியாக அனுப்பி அங்கே பூட்டுவதற்கு வசதியாகப் போயிற்று. அப்படி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், சென்னையில் ஹெரால்டு. அன்றைய இந்தியாவில் சாதாரணமாகக் கார் வாங்க நினைத்தவனுக்கு இருந்த சாய்ஸ் இவ்வளவுதான்.

தாத்தா வாங்கியது செகண்ட் ஹேண்ட். மாமாவுக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கார் வீட்டில் ரிப்பேர் பார்க்க என்றே செய்தது போல இருக்கும் என்பார். பானெட் மட்டுமில்லை, இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முன்னோக்கிக் கவிழும். கவிழ்த்துவிட்டால் எஞ்சின், ஸ்டியரிங், முன் ஸ்பிரிங், கைகள் எல்லாம் கண்ணெதிரே. டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். திரும்புவதற்கு 25 அடி இடம் போதும். சந்தில் நுழைந்து சந்திலேயே திரும்பி வரும்.

அதன் முன் சக்கரத்தில் மேலே பால் ஜாயிண்ட். நம் தோள் மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் உருண்டை. கீழே மட்டும் பால் ஜாயிண்ட் இல்லை, டிரன்னியன் என்று ஒன்று. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும், அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் ஸ்க்ரூ மாதிரி இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பார்க்கச் சாதாரணம். நல்ல மூட்டும்கூட, லோட்டஸ் கம்பெனி தன் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த அமைப்பையே எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. இதற்குள் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற கெட்டியான தொண்ணூறு நம்பர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸ் மரையின் அடிவரைக்கும் போய்ச் சேராது. நாளாவட்டத்தில் உள்ளே தண்ணீர் இறங்கும், துருப்பிடிக்கும், பித்தளை இறுகும், தண்டு மரைக்குச் சற்று மேலே பலவீனமாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தண்டு முறியும், சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

எங்கள் தாத்தா காரில் இது நடந்தது.

வழக்கமாக ஆயில் விடுவது அவர்தான். நிப்பிள் மாட்டி ஆயில் கன்னால் அடித்து, பழைய எண்ணெய் பிதுங்கி வரும்வரை விடுவாராம். இடையில் உத்தியோக மாற்றம், வெளியூர், நேரமில்லை. இரண்டு வருடம் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டிருக்கிறார். (பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை.) எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கிற மாதிரி இதற்கும் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போது இடது சக்கரம் மடங்கிவிட்டது. முன் சீட்டில் பாட்டி, மடியில் எங்கள் அம்மா. திரும்புகிற வேகம் என்பதால் வண்டி தரையில் உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. அரை நிமிடம் முன்னால் பெரிய ரோட்டில் நடந்திருந்தால் பின்னால் லாரி. தாத்தா அன்றைக்குக் கீழே இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் இதுவரை அதைப் பாட்டி வழக்கமாகச் சொல்லும் பழங்கதைகளில் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன். அந்தத் தண்டும் மரையும் என்னவென்று புரிந்தபிறகுதான் வயிற்றில் சில்லென்றது. மடியில் இருந்தது எங்கள் அம்மா ஆயிற்றே.

அதற்குப் பிறகு தாத்தா அந்த வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை. கூடவே மாமாவையும் உட்கார வைத்துக்கொண்டார்.

டிரன்னியன், கிரீஸ், ஆயில் என்ற தலைவலியெல்லாம் இல்லாத ஒன்றை அதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் யோசித்து வைத்திருந்தார். பெயர் ஏர்ல் மேக்ஃபெர்சன். இங்கேதான் என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிக்கு ஆர்வம் வருகிறது, ஏனென்றால் அவருடைய கண்டுபிடிப்பு பிறந்தது விலைப் பட்டியலில்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். செவ்ரோலே ஒரு சின்னக் கார் செய்ய நினைத்தது. கேடட் என்று பெயர். விலை 1000 டாலருக்குள் அடங்க வேண்டும். தலைமை எஞ்சினியர் மேக்ஃபெர்சன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே ஸ்பிரிங், தனியாக ஷாக் அப்சார்பர் என்று போனால் அந்த விலையில் வராது. அவர் மேல் கையையே எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பரைத் தடித்த தூணாக்கி, அதைச் சுற்றி ஸ்பிரிங்கை மாட்டி, தூணின் தலையைக் காரின் உடம்போடு மேலே பூட்டி, காலைக் கீழே ஒரே ஒரு கையோடு சேர்த்தார். குழியை வாங்கிக்கொள்வது, ஆட்டத்தை அடக்குவது, சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருப்பது, மூன்றும் ஒரே தூண். கிங்பின் என்ற இரும்புக் கம்பி காணாமல் போயிற்று. இப்போது அது மேல் பேரிங்கிலிருந்து கீழ் பால் ஜாயிண்ட் வரை மனசுக்குள் போட்டுக்கொள்ளும் ஒரு கோடு, அவ்வளவுதான். இத்தாலியில் ஃபியட்டில் 1920களிலேயே இது போன்ற யோசனை காகிதத்தில் இருந்தது. ஆனால் விலைக்குள் அடங்கி ஓடுகிற மாதிரி செய்தது இவர்.

கேடட் வரவில்லை. 1947ல் திட்டத்தை மூடிவிட்டார்கள், அந்த விலைக்கு விற்று லாபம் பார்க்க முடியாது என்று. அதே வருடம் மேக்ஃபெர்சன் ஃபோர்டுக்குப் போய்விட்டார். ஹென்றி ஃபோர்டு அந்த ஏப்ரலில்தான் காலமானார். ஃபோர்டின் அமெரிக்கக் கார்கள் 1948 மாடல் வரைக்கும் அந்தப் பழைய ஒற்றை அச்சிலேயே ஓடிக்கொண்டிருந்தன, கிழவர் அவ்வளவு பிடிவாதம். மேக்ஃபெர்சனின் தூண் பெரிய அளவில் ரோட்டுக்கு வந்தது இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஜெஃபர் கார்களில், 1950ல் அறிமுகம். காப்புரிமைகள் 1953ல் கிடைத்தன. ஒன்று பழைய முதலாளியான ஜி.எம். பெயரில், இன்னொன்று புது முதலாளியான ஃபோர்டு பெயரில்! 1952 லிங்கன் காரில் கிங்பின்னை எடுத்துவிட்டு மேலும் கீழும் பால் ஜாயிண்ட் வைத்ததும் அவர் ஃபோர்டில் இருந்த காலத்தில்தான். 1960ல் இறந்தார். தன் தூண் உலகத்தின் முக்கால்வாசிச் சின்னக் கார்களுக்குக் காலாக நிற்கப்போவதை அவர் பார்க்கவில்லை.

நம் ஊர் ரோட்டுக்கு அது கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தது 1983 டிசம்பரில், மாருதி 800 வடிவத்தில். விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். 1000 டாலர் காருக்காக யோசித்தது முப்பத்து ஐந்து வருடத்துக்கும் மேல் கழித்து நம் மிடில் கிளாஸுக்கு. பெருங்களத்தூர் தொழிற்சாலையும் சும்மா இருக்கவில்லை. 1985ல் ரோவர் காரின் உடம்பில் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதன் முன்பக்கமும் மேக்ஃபெர்சன் தூண்தான். உடம்பு புதுசு, எஞ்சின் பழசு, விலையோ அதிகம். சில வருடத்தில் தொழிற்சாலையே நின்றுபோனது.

மாருதியின் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டில் நிப்பிள் கிடையாது. உள்ளே ஒருமுறை கிரீஸ் வைத்து ரப்பர் மூடியால் மூடிவிட்டார்கள். பல வருடம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கார் வைத்திருந்தவர்கள் இதைத்தான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரப்பர் மூடி கிழிந்த அன்றைக்கு மண் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், அப்புறம் அதைக் காப்பாற்ற வழியே இல்லை. எங்கள் வண்டிக்குக் கடையில் கொடுத்தது உருண்டையோடு சேர்ந்த முழு ஆர்ம். தேய்ந்தது கொய்யாக்காய் அளவு, தூக்கிப் போடுவது முழங்கை அளவு. ஹெரால்டுக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டும், மறந்தால் சக்கரம் மடங்கும். மாருதிக்கு எண்ணெயே விட முடியாது, சத்தத்தை அலட்சியம் செய்தால் சக்கரம் மடங்கும். கீழே படுத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் நடுவில் எங்கோ விட்டுப்போயிற்று, பார்க்க வேண்டிய அவசியம் அப்படியே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஜி.பி. ரோட்டில் இரண்டு ஆர்ம், இரண்டு ஷாக் அப்சார்பர், புஷ்கள் வாங்கி வந்தோம். ஒரு பக்கம்தானே ஆடுகிறது, ஒன்று போதாதா என்று என் காமர்ஸ் மூளை கேட்டது. ஒரே வயசு, ஒரே ரோடு, இன்னொன்று மட்டும் எத்தனை நாள் என்று மாமா கேட்டார். சனிக்கிழமை காலையில் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் போகாதே, செங்கல்லை நம்பி போகவே போகாதே என்று நாலு தடவை சொன்னார்.

பால் ஜாயிண்ட் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்று இருக்கிறது. அதை இளக்கினால் போதாது, முழுக்க வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்டில் இருக்கும் பள்ளத்தில் அது படிந்திருக்கும். இது தெரியாமல் நான் பத்து நிமிடம் கடப்பாரையோடு மல்லுக்கட்டினேன். 27 வருடத் துரு. முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் தெளித்து வைத்திருந்தும் அந்த போல்ட் வெளியே வர மத்தியானம் ஆயிற்று. வந்த பால் ஜாயிண்ட்டைக் கையில் வாங்கி ஆட்டினேன். சோழியைக் குலுக்குவது போல் ஆடியது. இதன் மேல் உட்கார்ந்துதான் போன பொங்கலுக்குக் குடும்பத்தோடு மதுராந்தகம் போய்வந்தோம்.

அடுத்து அந்தத் தூண். பானெட்டைத் திறந்தால் மேலே அதன் தலை தெரியும். சுற்றிச் சின்ன நட்டுகள், நடுவில் பெரிய நட்டு ஒன்று. பெரியதுதான் முக்கியமாக இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரை அதன் மேல் வைத்தேன்.

"டேய், கையை எடுடா!"

மாமா என்னை அப்படிக் கத்தியதே இல்லை. வண்டி தூக்கி நின்றாலும் ஸ்பிரிங் முழுக்க விரிந்துவிடவில்லை. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நடு நட்டுதான். கழற்றியிருந்தால் மேல் தட்டும் ஸ்பிரிங்கும் என் முகத்துக்கு வந்திருக்கும். மேக்ஃபெர்சன் மூன்று சாமானை ஒன்றாக்கிக் காசு மிச்சம் பிடித்தாரே, அந்த மூன்றையும் சேர்த்து வைத்திருக்கும் நட்டு அது. சுற்றி இருக்கிற சின்ன நட்டுகளையும் கீழ் போல்ட்டுகளையும் மட்டும் கழற்றி, தூணை ஸ்பிரிங்கோடு அப்படியே எடுத்தோம். ஆட்டோவில் வைத்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே ஸ்பிரிங் கம்ப்ரசரில் இறுக்கி அமுக்கி, ஷாக் அப்சார்பரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு தூணுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "வீட்ல செய்யலாம், ஆனா எல்லாத்தையும் வீட்ல செய்யக் கூடாது" என்றார் மாமா. ஆயில் விடும் வேலையைக் கடைக்காரனிடம் கொடுத்ததால் சக்கரம் மடங்கிய வீட்டில் வளர்ந்தவர், இந்த ஒரு வேலையைத் தாமாகவே கடைக்காரனிடம் கொடுத்தார். எதை யாரிடம் கொடுப்பது என்பது இரண்டு காருக்கும் வேறு வேறு போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டுகிற படலம். இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தூக்கி நிற்கும்போது முழு இறுக்கம் இறுக்கக் கூடாது. லேசாகப் பிடித்து வைத்து, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு, பிறகுதான் இறுக்க வேண்டும். ஏனென்றால் அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டால் வண்டி நிற்கும்போதெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். கிரீஸ் போட்ட பித்தளைப் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இதை மாமாவுக்குத் தாத்தா சொல்லித்தரவில்லை. மாருதி வந்த புதிதில் ஒருமுறை தப்பாக இறுக்கி, ஒரே வருடத்தில் புஷ் போய், அப்புறம் கற்றுக்கொண்டாராம்.

திங்கட்கிழமை வீல் அலைன்மெண்ட். முன்பக்கத்தைப் பிரித்துப் பூட்டினால் இது கட்டாயம், இல்லாவிட்டால் புது டயரும் அதே மாதிரி வழுக்கையாகும். கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, யார் சார் வேலை பார்த்தது என்று கேட்டான். மாமா என்னைக் காட்டினார். நான் கொஞ்சம் நெளிந்தேன், அந்த நடு நட்டு ஞாபகம் வந்ததால்.

திரும்பும்போது பெருங்களத்தூர் பக்கமாகவே வந்தோம். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் மாமா வேண்டுமென்றே மெதுவாக ஏற்றி இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தம் இல்லை. "டேஷ்போர்டுல ஏதோ கிரீச்சுங்குது" என்றார் அத்தை பின் சீட்டிலிருந்து. அது அடுத்த மாதம்.

கொசுறு: தாத்தாவின் ஆயில் கன் இன்னும் மாமா வீட்டு லாஃப்டில் இருக்கிறது. ஹெரால்டை 1980களிலேயே விற்றாயிற்று. எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன். எதுக்கு, உனக்கு எண்ணெய் விட இந்த வண்டியில எங்கடா இடம் இருக்கு என்று கேட்டுவிட்டுத் திரும்ப மேலேயே வைத்துவிட்டார். எஃப்.சி. வருகிற வியாழக்கிழமை. போய்விட்டு வந்து சொல்கிறேன்.